ஒருநாள் சினேகமும் ஓயாத கப்பமும்

கத்தியைக் காட்டிப் பணம் பறிப்பவனைக் கொள்ளைக்காரன் என்கிறோம். கன்னம் வைத்து நுழைபவனைத் திருடன் என்கிறோம். இவர்களில் ஒருவன் அகப்பட்டால் ஊரே கூடிக் கட்டிவைத்து உதைக்கத் தயாராயிருக்கிறது. ஆனால் “உன் அந்தரங்கத்தை நாலு பேருக்குச் சொல்லிவிடுவேன், பணத்தை வை” என்று கேட்கிறவன் கையில் கத்தியுமில்லை, கன்னக்கோலுமில்லை. அப்படியிருந்தும் அவன் அந்த இருவரையும்விட அதிகமாகவும், வருஷக்கணக்காகவும், பறிகொடுக்கிறவனே தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும்படியாகவும் பறிக்கிறான் என்றால், அவன் கையிலிருக்கும் ஆயுதம் எது? அதை அவனுக்கு அடித்துக் கொடுத்த கொல்லன் யார்? இதுவே நாம் இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

சங்கதி இதுதான். வயதுவந்த ஆணும் பெண்ணும் பழகுவதற்கு இன்று தேர்த் திருவிழாவும் கலியாண வீடும் வேண்டியதில்லை. கைபேசிக்குள்ளேயே அதற்கென்று செயலிகள் இருக்கின்றன. நாலு நாள் எழுத்தில் பேச்சு, ஒருநாள் காப்பிக் கடை, ஒரு சாயங்காலம் விடுதி அறை. அதோடு இருவரும் அவரவர் வழியே போய்விடுகிறார்கள். இருவர் சம்மதத்தோடு நடந்த இந்தக் காரியத்தில் மூன்றாவது ஆசாமிக்கு யாதொரு வேலையுமில்லை. ஆனால் பத்து நாள் கழித்து ஒரு செய்தி வருகிறது. “நம் படம் என்னிடம் இருக்கிறது, உன் சம்சாரத்தின் நம்பர் தெரியும், உன் ஆபீசும் தெரியும், இருபதினாயிரம் அனுப்பு” என்கிறது அச்செய்தி. நம்மவர் நடுநடுங்கி அனுப்புகிறார். அடுத்த வாரம் ஐம்பதினாயிரம், அதற்கடுத்த மாதம் ஒரு லட்சம் என்று கேள்வி வளருகிறது. நகை அடகுக்குப் போகிறது. சேமநல நிதியில் கடன் வாங்கப்படுகிறது. சோறு இறங்குவதில்லை; தூக்கம் வருவதில்லை. கடைசியில் சிலர் கயிற்றையும் தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு சாயங்கால சினேகத்திற்கு ஒரு உயிர் விலையா என்று கேட்கின்றோம்.

இதில் பல தினுசுகள் உண்டு. ஆணை மிரட்டும் பெண்ணும் உண்டு. பெண்ணை மிரட்டும் ஆண் அதைவிடக் கொடுமையானவனாயும் உண்டு. ஆணோடு பழகிய ஆணை வீட்டாருக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டுவதும் உண்டு. இவை தவிர, நேரில் பார்க்காமலேயே செய்யும் வியாபாரமும் ஒன்று கிளம்பியிருக்கிறது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து காணொளி அழைப்பு வரும். எடுத்தால் எதிரே ஒரு பெண் ஆடை களைவாள். பல சமயம் அவள் அங்கே இருப்பதேயில்லை. முன்னமே எடுத்துவைத்த படத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள். எடுத்தவன் முகத்தையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டு மறுநிமிஷமே பணம் கேட்கிறார்கள். ராஜஸ்தானத்தில் பரத்பூர், அல்வார் பக்கங்களிலும், அரியானாவில் நூஹ் பக்கத்திலும் இதையே குடிசைத் தொழில் போல் கும்பல் கும்பலாய் நடத்தியவர்களைப் பல மாகாணத்துப் போலீசார் போய்ப் பிடித்திருக்கிறார்கள். பணம் கொடுக்க மறுத்தால் மறுநாள் வேறொருவன், “நான் டில்லிப் போலீசு அதிகாரி, அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன்னை ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறேன்” என்பான். இந்த நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. போலீசு உடுப்பைத் துணிக்கடையில் வாங்கி மாட்டிக்கொண்டவனுக்கு நாம் ஏன் சலாம் போடவேண்டும்?

கப்பம் கட்டியவர்கள் கதை

இத்தொழிலுக்கு இங்கிலீஷில் ‘பிளாக்மெயில்’ என்று பேர். இந்தப் பேர் வந்த வழியே ஒரு பாடமாகும். ஸ்காட்லாந்து தேசத்து எல்லைப்புறத்தில் முற்காலத்தில் மாட்டுக் கொள்ளைக்காரர்கள் இருந்தார்கள். “உன் மாட்டையும் தானியத்தையும் தொடாமலிருக்க வேண்டுமானால் எனக்கு வருஷாவருஷம் கட்டு” என்று குடியானவர்களிடம் வசூலித்தார்கள். ‘மெயில்’ என்றால் அவர்கள் பாஷையில் வாரம், கப்பம் என்று அர்த்தம். ஆகவே பேரிலேயே சங்கதி இருக்கிறது. இது ஒருதரம் கொடுத்துத் தீர்க்கும் கடனல்ல. பருவந்தோறும் கட்டும் வாரம். கடனுக்கு முடிவு உண்டு, கப்பத்திற்கு உண்டா? கொடுக்கிறவன் கொடுக்க முடிந்தவன் என்று தெரிந்துவிட்ட பிறகு கேட்கிறவன் ஏன் நிறுத்துவான்? முதல் தவணை கொடுத்தவுடன் தொல்லை ஒழிந்தது என்று நினைக்கிறவன், முதல் மாட்டை அடித்துத் தின்ற புலி இனிப் பட்டிப்பக்கம் வராது என்று நினைக்கிறவனுக்கு ஒப்பாவான்.

இதற்குச் சரித்திரத்தில் சாட்சி வேண்டுமானால் அமெரிக்க நாட்டு அலெக்ஸாண்டர் ஹாமில்டனைப் பார்க்கலாம். அவர் அந்நாட்டின் முதல் பொக்கிஷ மந்திரி. பணத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய மேதாவி. 1791-ம் வருஷத்தில் மணமான ஒரு ஸ்திரீயோடு அவருக்குச் சினேகம் ஏற்பட்டது. அவ்வருஷம் டிசம்பரில் அவளுடைய புருஷன் வந்து ஆயிரம் டாலர் கேட்டான். மந்திரிக்கு அப்போது வருஷச் சம்பளமே 3,500 டாலர்தான். அவர் இரண்டு தவணையாக அந்த ஆயிரத்தையும் கொடுத்தார். தீர்ந்ததா? அந்தப் புருஷனே அவரை மறுபடி தன் வீட்டுக்கு வந்துபோகும்படி எழுதினான். வந்து போனபிறகு மறுபடி மறுபடி ‘கைமாற்று’ கேட்டு வாங்கினான். சரி, இவ்வளவு வாங்கினவன் வாயையாவது மூடினானா? 1792-ல் அவன் வேறொரு மோசடிக் கேசில் அகப்பட்டவுடன், தான் தப்பித்துக்கொள்ள முதலாவதாக விற்கப் பார்த்த சரக்கு இந்த இரகசியந்தான். மந்திரி பணம் கொடுத்ததைப் பார்த்தவர்கள், “பொக்கிஷப் பணத்தில் இருவரும் கூட்டு வியாபாரம் செய்தார்கள் போலும்” என்று சந்தேகிக்கத் தலைப்பட்டார்கள். கடைசியில் 1797-ல் ஹாமில்டன் தாமே ஒரு புத்தகம் அச்சிட்டு, “நான் செய்தது சோரம், பொதுப்பணத்தில் ஒரு காசு தொடவில்லை” என்று ஊரறியச் சொல்லவேண்டி வந்தது. கொடுத்த பணமும் போயிற்று, காக்க நினைத்த இரகசியமும் போயிற்று, கொடுத்த பணமே திருட்டுப் பட்டத்திற்குச் சாட்சியாகவும் வந்தது. பொருளாதார மேதைக்கே இக்கதி என்றால் மாதச் சம்பளக்காரன் எம்மாத்திரம்?

இதற்கு எதிரிடையாக இன்னொருவரைப் பாருங்கள். நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபுவுக்கு 1824-ம் வருஷக் கடைசியில் லண்டன் புத்தக வியாபாரி ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. ஹாரியட் வில்சன் என்னும் ஸ்திரீ தன் சினேகிதர்களைப் பற்றிய கதைகளை அச்சிடப் போகிறாள் என்றும், அதில் பிரபுவின் பேரும் வருமென்றும், வேண்டுமானால் எடுத்துவிடலாமென்றும் அதில் கண்டிருந்தது. பிரபுவோ, “அச்சிட்டுக்கொள், நாசமாய்ப் போ” என்று சொல்லிவிட்டதாக இன்றும் வழங்கிவருகிறது. 1825-ல் புத்தகம் வந்தது. லண்டன் முழுவதும் வாங்கிப் படித்துச் சிரித்தது. 1828-ல் அதே வெல்லிங்டன் இங்கிலாந்தின் முதல் மந்திரியானார். ஊர் சிரித்த சிரிப்பு மூன்று வருஷங்கூட நிற்கவில்லை.

பிரபுவுக்குச் சரி, நமக்கு ஆகுமா என்று கேட்கலாம். அதிகார பலமில்லாதவருக்கும் வழியுண்டு என்பதைப் பின்னால் சொல்லுவோம். ஆனால் நம் காலத்திலேயே நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2009-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேர்பெற்ற டேவிட் லெட்டர்மேனிடம் ஒருவன் இருபது லட்சம் டாலர் கேட்டான். தம் நிகழ்ச்சியில் வேலை பார்த்த பெண்களோடு அவருக்கிருந்த தொடர்பை வெளியிடுவதாக மிரட்டினான். அவர் நேரே பிராசிக்யூட்டரிடம் போனார். அவர்கள் சொன்னபடி பணமில்லாத செக் ஒன்றைக் கொடுத்து அவனைப் பிடித்தார்கள். அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி தம் நிகழ்ச்சியிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டார். மிரட்டினவன் அடுத்த வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனான். தம்கீழ் வேலை செய்யும் பெண்களோடு எஜமானன் அப்படிப் பழகியது யோக்கியமான காரியமென்று நாம் சொல்ல வரவில்லை. அது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அப்பெண்களுக்கும் அவர் வீட்டாருக்கும் உண்டேயொழிய, இருபது லட்சத்துக்கு விலைபேச வந்தவனுக்கு உண்டா?

அவனுக்கு முதல் போட்டவர் யார்?

எந்த வியாபாரத்துக்கும் முதல் வேண்டும். மிரட்டுகிறவனுடைய முதல் ஒரு படமும் ஒரு நம்பருமென்று நினைப்பது தப்பு. அவனுடைய முதல் நம் வீட்டாரின் முகச்சுளிப்பு. பக்கத்து வீட்டாரின் சிரிப்பு. ஜாதி ஜனத்தின் வம்பு. ‘குடும்ப கௌரவம்’ என்கிற பொய்ப் பெருமை. இவற்றை எடுத்துவிட்டால் அவன் கையிலிருக்கும் படம் காகிதத்துக்கும் பிரயோஜனமில்லாதது. ஆகவே நாம் கேட்ட கொல்லன் வேறு யாருமல்ல. அடுத்தவன் படுக்கையறையைப் பற்றிப் பேசுவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருக்கும் நம் சமூகமேயாகும்.

சட்டமே இந்த ஆயுதத்தை அடித்துக் கொடுத்த காலமும் இருந்தது. இங்கிலாந்தில் 1885-ல் ஆணும் ஆணும் அந்தரங்கத்தில் பழகுவதையும் தண்டிக்க ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்நாட்டு ஜனங்களே அதற்கு ‘மிரட்டுகிறவனின் சாசனம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். 1967-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது நீங்கியது. நம் நாட்டில் 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடில் 377-வது பிரிவைப் போட்டவர்கள், அதே புத்தகத்தில் 388, 389-வது பிரிவுகளில், “377-ன்கீழ்க் குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம்” என்றும் எழுதிவைத்தார்கள். அதாவது, தாங்கள் போடும் சட்டத்தைக் கொண்டே பணம் பறிப்பார்கள் என்று எழுதும்போதே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் எழுதினார்கள்! பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். 2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு பழகுவது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதே மாதம் 27-ந் தேதி, பிறன் மனைவியோடு பழகுவதைக் குற்றமாக்கியிருந்த 497-வது பிரிவையும் தள்ளினார்கள். அது விவாகரத்துக்குக் காரணமாகலாமே தவிர, ஜெயிலுக்குக் காரணமாகாது.

ஆகவே கோர்ட்டு பயத்தைக் காட்டி இன்று யாரும் மிரட்ட முடியாது. அப்படியிருந்தும் மிரட்டல் குறைந்ததா? இல்லை. ஏனெனில் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டதை வீட்டுத் திண்ணையிலிருந்து நாம் எடுத்துப் போடவில்லை. கோர்ட்டு விட்டதை மாமியார் விடுவதில்லை. நீதிபதி மன்னித்ததை மைத்துனன் மன்னிப்பதில்லை.

பெண்ணுக்கு இரட்டைக் கப்பம்

இந்தப் பொய் மானத்திற்கு ஆண் ஒரு பங்கு கொடுத்தால் பெண் பத்துப் பங்கு கொடுக்கிறாள். ஆண் அகப்பட்டால், “வயசு அப்படி, ஆம்பிளை தானே” என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுநாள் அவனோடு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். பெண் அகப்பட்டால் அவள் படிப்பை நிறுத்துகிறார்கள்; வேலையை விடச் சொல்லுகிறார்கள்; கிடைத்தவனுக்குக் கட்டிவைக்கிறார்கள்; சில வீடுகளில் கொன்றும் போடுகிறார்கள். இது மிரட்டுகிறவனுக்கு நன்றாய்த் தெரியும். அதனாலேதான் அவளிடம் பணத்தோடு நிற்காமல், “மறுபடி வா” என்கிறான். “என் சினேகிதனோடும் வா” என்கிறான். கற்பு என்பதை ஒரு பாலாருக்கு மாத்திரம் பூட்டிய விலங்காக வைத்துக்கொண்டு, அந்த விலங்கின் சாவி அயோக்கியன் கையில் போய்விட்டதே என்று பின்னால் அழுதால் என்ன பிரயோஜனம்? விலங்கைக் கழற்றி எறிய வேண்டாமா?

2019-ம் வருஷம் பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு பெண் துணிந்து பிராது கொடுத்தாள். சினேகம்போல் பேசி நம்பவைத்து, பலாத்காரம் செய்து, அதைப் படமெடுத்து, அப்படத்தைக் கொண்டே மிரட்டி வந்த ஒரு கூட்டம் அதனால் வெளிப்பட்டது. அங்கே நடந்தது சம்மதத்தோடு நடந்த சினேகமல்ல, கொடுங்குற்றம்; ஆனால் அவர்கள் வருஷக்கணக்காய்த் தப்பித்து வந்ததற்குக் காரணம், பெண்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்ற அதே நம்பிக்கைதான். துணிந்து வந்தவளுக்கு நாம் செய்த மரியாதை என்ன? மறைத்து வைக்கவேண்டிய அவள் பேரைப் போலீசு அதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் வெளியிட்டார். சர்க்கார் உத்தரவிலும் அந்தப் பேர் வந்தது. அதற்காக அவளுக்கு ரூ. 25 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி மதுரையிலுள்ள ஐக்கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொல்லி நின்றார்கள். 2025-ம் வருஷம் மே 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஜெயில் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண் வாயைத் திறந்ததால் ஒன்பது பேருடைய தொழில் மூடிற்று. அவள் மானம் போயிற்றா? யாருடைய மானம் போயிற்று?

நியாயமான கேள்வியும் மிரட்டலும்

நிற்க, இங்கே ஆண் கனவான்கள் செய்கிற ஒரு புரட்டையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் கர்ப்பமாகிப் பிள்ளை பெற்று, அப்பிள்ளைக்குச் சோற்றுக்குக் கேட்டால் அதையும் ‘மிரட்டல்’ என்கிறார்கள். கலியாணம் செய்துகொள்ளுகிறேன் என்று பொய்யாய் நம்பவைத்தவனை அவள் கோர்ட்டுக்கு இழுத்தால் அதையும் ‘பணம் பறிக்க வந்தாள்’ என்கிறார்கள். இது சுத்த அயோக்கியத்தனமாகும். தாலி கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்கவேண்டும் என்று முந்திய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவிலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடக்கும் புதுச் சட்டத்தின் 144-வது பிரிவிலும் இருக்கிறது. நிறைவேற்றும் எண்ணமில்லாமலே கலியாண வாக்குக் கொடுத்து ஏமாற்றிப் பழகுவது புது பாரதீய நியாய சன்ஹிதையின் 69-வது பிரிவின்கீழ்க் குற்றம். உரிமையுள்ளவள் கோர்ட்டுப் படியேறிக் கேட்பது உரிமை. அதற்குப் பயப்படுகிறவன் தன் கடமைக்குப் பயப்படுகிறான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே என்றால், சுலபமாய்ச் சொல்லலாம். நியாயம் கேட்கிறவர் நாலு பேர் முன்னால் கேட்பார். கோர்ட்டும் சாட்சியும் தமக்குத் துணையென்று நினைப்பார். மிரட்டுகிறவனோ, “யாருக்கும் சொல்லாதே, போலீசுக்குப் போகாதே, இன்று இராத்திரிக்குள் அனுப்பு” என்பான். வெளிச்சத்தைக் கண்டு பயப்படுகிறது எதுவோ அது மிரட்டல். இந்த ஒரு உரைகல் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

வெறும் வீரம் பேசி முடிப்பது நம் வழக்கமல்ல. ஆகவே அகப்பட்டுக்கொண்டவர்கள் செய்யவேண்டியதை வரிசையாய்ச் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒரு காசும் கொடுக்கக்கூடாது. ஏற்கனவே கொடுத்திருந்தால் அதோடு நிறுத்தவேண்டும். “கடைசித் தவணை” என்று அவன் சொல்லுவதெல்லாம் அடுத்த தவணைக்கு முன்னுரையே. கெஞ்சியும் எழுதக்கூடாது, வைதும் எழுதக்கூடாது. கெஞ்சினால் பயம் தெரியும். வைதால் பேச்சு வளரும்.

இரண்டாவது, வெட்கத்தினால் எதையும் அழிக்கக்கூடாது. இங்கேதான் பலபேர் ஏமாந்து போகிறார்கள். அவன் எழுதிய செய்திகள், நம்பர், கணக்கின் பேர், பணம் போன வங்கி விவரம், யு.பி.ஐ. முகவரி, தேதி, நேரம் எல்லாவற்றையும் திரைப்படியாக எடுத்து வேறோரிடத்திலும் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே அவன் கணக்கின்மேல் அந்தச் செயலிக்காரரிடம் புகார் செய்து அவனைத் தடுத்துவிட வேண்டும். அவன் மிரட்டி எழுதிய ஒவ்வொரு வரியும் அவனுக்கெதிரான தஸ்தாவேஜு. அதை நாமே கொளுத்தலாமா? அதோடு நம் சினேகிதர்கள், உறவினர்கள் பட்டியல் அந்நியர் கண்ணுக்குத் தெரியாதபடி நம் கணக்குகளைப் பூட்டவேண்டும்.

மூன்றாவது, பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குச் சொல்லவேண்டும். வங்கிக் கணக்கு மாறி மாறி ஓடுவதற்கு முன் சொன்னால் நிறுத்திவைக்க இடமுண்டு. மத்திய சர்க்காரின் சைபர் குற்ற இணையதளத்திலும் பிராது எழுதலாம். எந்த ஊர்ப் போலீசு ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். “இது எங்கள் எல்லையில்லை” என்று திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

நான்காவது, படம் வெளியாகும் என்ற பயத்துக்கும் மருந்து இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவச ஏற்பாடு இருந்துவருகிறது. அதில் படத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. நம் கருவியிலேயே படத்துக்கு ஒரு ரேகை அடையாளம் எடுத்து, அந்த அடையாளத்தை மாத்திரம் அனுப்பினால், அதில் சேர்ந்துள்ள கம்பெனிகள் தங்கள் தளங்களில் அப்படம் ஏறாதபடி தடுக்கின்றன. இது வயதுவந்தவர்களுக்கு. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனி ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டமும் 1098 என்ற நம்பரும் உண்டு. குழந்தையோடு நடந்தது எதையும் சினேகம் என்று யாரும் சொல்லவேண்டாம். அன்றியும், இவ்விதப் படத்தைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டுமென்று 2021-ம் வருஷத்து விதிகளே கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டன.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு மனிதரிடம் சொல்லவேண்டும். சினேகிதர், சகோதரி, வக்கீல், யாராயிருந்தாலும் சரி. இரகசியம் ஒருவனிடம் மாத்திரம் இருக்கிறவரையில்தான் அதற்கு விலை. நாமே வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டால் அவன் விற்க நினைத்த சரக்கு சந்தைக்கு வருமுன்பே செல்லாக்காசாகிவிடுகிறது. மனைவிக்கோ புருஷனுக்கோ துரோகம் செய்திருந்தால் அதற்குப் பதில் சொல்லவேண்டியது அவர்களிடத்தில், அயோக்கியனிடத்தில் அல்ல. அந்தக் கணக்கை வீட்டில் தீர்க்கவேண்டுமேயொழிய, அவனிடம் தவணை கட்டித் தீர்க்க முடியாது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற நம்பரில் இராப்பகல் எந்நேரமும் பேசலாம்.

சட்டம் நம் பக்கம்

இன்னும் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1860-ம் வருஷத்துப் பீனல் கோடில் மிரட்டிப் பறிப்பது என்றால் என்ன என்பதற்கு முதல் உதாரணமாகக் கொடுத்திருப்பது எது தெரியுமா? பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டி வாங்குவதுதான். அதாவது நூற்றறுபது வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதினவர்களுக்கு முதலில் ஞாபகம் வந்த ஆசாமி இவன்! பழைய கோடில் இதற்கு மூன்று வருஷம் வரையில் தண்டனை. புது நியாய சன்ஹிதையின் 308-வது பிரிவில் ஏழு வருஷம் வரையில் ஆக்கியிருக்கிறார்கள். பணம் கைக்கு வரவேண்டுமென்பதுகூட இல்லை. பறிப்பதற்காகப் பயமுறுத்தினதே தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ, 67, 67-ஏ பிரிவுகள் படத்தை எடுத்தவனையும் பரப்பினவனையும் பிடிக்கும். ஒரு பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும் அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதித்தவளாக மாட்டாள் என்று நியாய சன்ஹிதையின் 77-வது பிரிவு தெளிவாய்ச் சொல்லுகிறது. ஆகவே குற்றவாளி அவன், பிராதுக்காரர் நீங்கள். குற்றவாளி நிமிர்ந்து நடக்க, பிராதுக்காரர் தலைகுனிந்து நடப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் சட்டம் புத்தகத்தில் மாத்திரம் இருந்தால் போதாது. பிராது கொடுக்க வந்தவரைப் பார்த்து, “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்கிற போலீசுக்காரருக்குச் சொல்லுகிறோம். கடையில் திருட்டுப் போனால், “நீ ஏன் கடை வைத்தாய்?” என்று கேட்கிறீர்களா? உங்கள் வேலை திருடனைப் பிடிப்பதேயொழிய, உபதேசம் செய்வதல்ல. நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியே மிரட்டுகிறவனுக்குச் செய்யும் பெரிய உதவி. வெளியே நிற்கும் பத்துப் பேர் அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

பொதுஜனங்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். உங்கள் கைபேசிக்கு யாரோ ஒருவருடைய அந்தரங்கப் படம் வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பார்த்துவிட்டு, “அடடா!” என்று நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறீர்களா? அப்படியானால் நீங்களும் அக்கொள்ளையில் கூலியில்லாப் பங்காளி என்றுதான் சொல்லவேண்டும். அவன் பணத்துக்காகச் செய்கிறான். நீங்கள் ஒன்றுமில்லாமலே செய்கிறீர்கள். இருவரில் யார் அதிக முட்டாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு, சம்பந்தப்பட்டவரைச் சந்திக்க நேர்ந்தால் வழக்கம்போல் நலம் விசாரித்துப் போகிற ஊரில் இந்தத் தொழில் ஒரு மாதம் நடக்காது.

பெற்றோர்களுக்கும் அதுவே. உங்கள் பிள்ளை தப்புச் செய்திருக்கலாம், செய்யாமலுமிருக்கலாம். அதை நிதானமாய்ப் பின்னால் பேசிக்கொள்ளலாம். அயோக்கியன் மிரட்டுகிறான் என்று உங்களிடம் வந்து சொல்ல உங்கள் பெண்ணுக்குப் பயமாயிருக்கிறதென்றால், அவள் உங்களைவிட அந்த அயோக்கியனையே சுலபமானவன் என்று நினைக்கிறாள் என்று அர்த்தம். இதைவிட ஒரு தாய் தகப்பனுக்கு வேறு மானக்கேடு என்ன வேண்டும்?

மானம் என்பது பிறர் வாயில் இருப்பதல்ல. தன் அறிவிலும் நடத்தையிலும் இருப்பது. பிறர் வாயில் அதைக் கொண்டுபோய் வைத்தவன், அந்த வாயை மூடக் கடைசிவரை தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான். ஆகவே, இன்று இராத்திரிக்குள் பணம் வரவேண்டும் என்ற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர் யாராயிருந்தாலும், அந்தப் பணத்தை அனுப்பாமல், பிராதை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.